கைக்கு அடக்கமாய் ஒரு கிடார்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, பள்ளிப் பாடகர் குழு



'விரலுக்கேற்ற வீக்கம்' என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. வரவுக்கேற்ற செலவு வேண்டும் என்பதே அதன் கருத்து. ஆனால் கிடார் வாங்கப் புறப்படுகிறவர்களுக்கு அது சொல்லுக்குச் சொல் பொருந்தும் என்பதை ஓர் இழப்புக்குப் பின்னரே நாங்கள் அறிந்துகொண்டோம்.

எங்கள் பாடகர் குழுவில் பதினொரு பேர். எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு கிடார். பழைய மாணவி ஒருவர் மனமுவந்து அளித்த பெரிய கிடார் அது. சென்ற ஆண்டு திருவருகைக் காலத்தில், மலையடிவாரத்துச் சிற்றாலயம் ஒன்றில் பாடுவதற்காகப் பேருந்தில் சென்றோம். சாமான் வைக்கும் மேல்தட்டில் கிடாரை வைத்தோம். பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மடியில் வைத்தோம், பக்கத்தில் இருந்தவர் முகத்தில் இடித்தது. கடைசியில் பின்னிருக்கை ஓரமாகச் சாய்த்து வைத்தோம். ஒரு வளைவில் பேருந்து திரும்பியபோது அரிசி மூட்டை ஒன்று அதன்மீது சரிந்தது. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. உறையைத் திறந்து பார்த்தால், தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தில் முறிந்து, தந்திகளின் பிடியில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிரவு கைத்தாளம் போட்டுப் பாடிவிட்டுத் திரும்பினோம். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. வழி நெடுகப் பேசவும் இல்லை.

புதிய கிடார் வாங்க வேண்டும் என்று முடிவாயிற்று. பள்ளிச் சந்தை நாளில் முறுக்கும் அதிரசமும் விற்றோம். பெற்றோரும் கைகொடுத்தனர். ரூ. 22,000 சேர்ந்தது. அப்போதுதான் எங்களுக்குள் வழக்கு எழுந்தது. "முன்னதைவிடப் பெரியதாக வாங்குவோம். அப்போதுதான் கோயில் முழுவதும் கேட்கும்" என்று ஒரு சாரார். "தூக்கிச் செல்ல முடியாததை வாங்கி என்ன பயன்?" என்று மறு சாரார். எங்கள் இசை ஆசிரியையான சிஸ்டர் இரு தரப்பையும் கேட்டுவிட்டு, தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்து எங்கள் கையில் கொடுத்தார்கள். "பிள்ளைகளா, கடைக்குப் போகுமுன் மூன்றை அளந்துகொண்டு வாருங்கள். உங்கள் கை, அது இருக்கப்போகும் வீடு, அது போகப்போகும் வழி" என்றார்கள்.

சிறியது என்றால் விளையாட்டுப் பொருளா?

அளக்கத் தொடங்குமுன் எங்கள் மனத்தில் இருந்த ஒரு தவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. சிறிய கிடார் என்றால் குழந்தைகளுக்கு உரியது என்று எண்ணியிருந்தோம். அது உண்மையன்று.

1818ஆம் ஆண்டு டிசம்பர் 24 அன்று, ஆஸ்திரிய நாட்டின் ஓபெர்ன்டார்ஃப் என்னும் சிற்றூரில், புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் ஒரு புதுப் பாடல் ஒலித்தது. சொற்களை எழுதியவர் யோசப் மோர் என்ற இளங்குரு. மெட்டமைத்தவர் ஃப்ரான்ஸ் க்ரூபர் என்ற பள்ளி ஆசிரியர். அன்று பக்கவாத்தியமாக வாசிக்கப்பட்டது கிடாரே. நாம் 'சைலன்ட் நைட்' என்று பாடும் பாடல் பிறந்த கதை இதுதான். மோரின் கிடார் இன்றும் ஹல்லைன் நகரத்து அருங்காட்சியகத்தில் உள்ளது. அக்காலத்துக் கிடார்கள் யாவும் இன்றைய பெரிய கிடாரைவிட ஒடுங்கிய உடல் கொண்டவை.

அப்படியானால் பெரிய கிடார் எப்போது வந்தது? 1916இல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் அகன்ற உடலுள்ள ஒரு வகையைச் செய்தது. அதற்கு 'ட்ரெட்நாட்' என்று, அந்நாளில் புகழ்பெற்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலின் பெயர் இடப்பட்டது. இன்று கடைகளில் மிகுதியாகத் தொங்குவது இவ்வகையே. அதன் உடல் ஏறக்குறைய 40 செ.மீ. அகலமும் 12 செ.மீ. ஆழமும் உடையது, மொத்த நீளம் ஒரு மீட்டரைத் தாண்டும். போர்க்கப்பலை மடியில் வைத்துப் பேருந்தில் செல்ல முயன்றது எங்கள் பிழைதான்!

இன்னொரு செய்தி. உலகத்திலேயே இட நெருக்கடி மிகுந்த வீடு எது? பன்னாட்டு விண்வெளி நிலையம் என்று சொல்லலாம் அன்றோ? 2001ஆம் ஆண்டு அங்கே அனுப்பப்பட்டது கனடா நாட்டின் லாரிவீ நிறுவனம் செய்த 'பார்லர்' எனும் சிறிய வகைக் கிடார். 2013இல் விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டு அங்கிருந்தபடி பாடி வெளியிட்ட பாடலில் அவர் கையில் இருந்தது அதுவே. விண்வெளி வீரரின் கையில் இருந்ததை விளையாட்டுப் பொருள் என்று யார் சொல்வார்?

கையை அளந்தோம்

கிடாரை அளப்பவர்கள் முதலில் அளப்பது தந்தியின் நீளத்தை. கழுத்தின் உச்சியில் தந்திகளைத் தாங்கும் சிறு எலும்புக் கட்டைமுதல், பெட்டியின்மேல் உள்ள குதிரைவரை உள்ள தூரமே அது. பெரிய கிடாரில் இது சுமார் 64.5 செ.மீ. பயணக் கிடார்களில் பலவும் 58 செ.மீ. முதல் 60 செ.மீ. வரை உள்ளவை. 1996இல் வந்த பேபி டெய்லர், பின்னர் வந்த லிட்டில் மார்ட்டின் ஆகியவை இவ்வளவை ஒட்டியவையே.

கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளை ஃப்ரெட் என்பர். வீணையில் நாம் மெட்டு என்று சொல்வதும் அதுவே. பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் சரிபாதியில் இருக்கும். மற்றவை அந்தக் கணக்கிலேயே அமையும். ஆகவே தந்தி குறுகினால் மெட்டுகளும் நெருங்கும். கணக்குப் போட்டுப் பார்த்தோம். உச்சிக் கட்டைமுதல் நான்காம் மெட்டுவரை பெரிய கிடாரில் 13.3 செ.மீ.; 58.4 செ.மீ. தந்தியுள்ள கிடாரில் 12 செ.மீ. ஒன்றேகால் சென்டிமீட்டர்தானே என்று எண்ணாதீர்கள். பழைய கிடாரில் சுண்டு விரல் நான்காம் மெட்டை எட்டுவதற்குள் எங்களுள் சிறியவர்களின் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். 'உனக்குக் கிடார் வராது' என்று நாங்கள் ஒதுக்கிய இருவருக்கு, வராதது இசையன்று; அந்த ஒன்றேகால் சென்டிமீட்டர்தான்.

இதில் ஒரு விலையும் உண்டு. தந்திகளின் விதிகளை ஆராய்ந்து 1636இல் நூலாக வெளியிட்டவர் மாரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி. அவர் விதிப்படி, அதே தந்தி அதே சுரத்தைக் குறைந்த நீளத்தில் தர வேண்டுமானால், அதை இழுத்துக் கட்டும் விசையும் குறைய வேண்டும். 64.5 செ.மீ.க்குப் பதில் 58.4 செ.மீ. என்றால் விசை ஏறக்குறைய 18 விழுக்காடு குறைகிறது. விரலுக்கு இதமாக இருக்கும். ஆனால் தந்தி தளர்ந்து, மெட்டில் உரசி, 'ஜிர்' என்று இரையக்கூடும். சற்றுத் தடித்த தந்திகளைக் கட்டினால் இக்குறை பெரும்பாலும் நீங்கும். கடைக்காரரிடம் இதைக் கேட்டே வாங்குங்கள்.

நைலான் தந்தி விரலுக்கு இன்னும் மென்மையானது. அதன் இழுவிசை எஃகுத் தந்தியின் இழுவிசையில் ஏறக்குறையப் பாதிதான். ஆனால் நைலானுக்கென்று செய்த கிடாரில் எஃகுத் தந்தியை ஒருபோதும் கட்டாதீர்கள். குதிரை பெயர்ந்துவிடும்.

வீட்டை அளந்தோம்

எங்களுள் நன்றாக வாசிப்பவள், இப்போது ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தங்கை ஒருத்தி. விடுமுறையில் கிடாரை வீட்டுக்கு எடுத்துச் செல்லும்படி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பாள். கர்வம் என்றே நினைத்தோம். அளவு நாடாவோடு அவள் வீட்டுக்குப் போன அன்றுதான் காரணம் விளங்கிற்று.

ஒரே அறை. ஐந்து பேர். அவள் அப்பாவுக்கு ஆலையில் இரவு முறை வேலை; பகலில் உறங்குவார். கட்டிலுக்கு அடியில் பெட்டிகள். சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அவள் அம்மா எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "வைக்க இடமில்லாத வீட்டில் அந்தப் பெரிய சாமானை வாங்கி வைத்து, பிள்ளைகள் மிதித்து உடைத்துவிட்டால் நான் யாருக்குப் பதில் சொல்வது, கண்ணு?" என்றார்கள். எங்களுக்குத் தலை கவிழ்ந்தது.

அந்த அறையில் மிஞ்சியிருந்தது இரும்பு பீரோவின் மேற்புறம் ஒன்றே. அளந்தோம், நீளம் 91 செ.மீ. அன்றே எங்கள் வழக்குத் தீர்ந்தது. உறையோடு சேர்த்து 91 செ.மீ.க்கு மேற்படாத கிடாரே வேண்டும் என்று பதினொரு பேரும் ஒப்புக்கொண்டோம்.

சிறிய வீட்டில் வாசிப்பவர்களுக்கு வேறு சில குறிப்புகளையும் சொல்லுகிறோம். உறங்குபவர் அருகில் பழகும்போது, குதிரையை ஒட்டித் தந்திகளுக்கு அடியில் மெல்லிய பஞ்சுத் துண்டு ஒன்றைச் செருகினால் ஓசை அடங்கும். விரல் பழக்கத்துக்கு அதுவே போதும். நகத்தை விட்டு விரலின் சதையால் மீட்டலாம். மரம் காற்றின் ஈரத்தை உண்டு உப்பும். வறட்சியில் சுருங்கி வெடிக்கும். ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு இருப்பது கிடாருக்கு உகந்தது. நம் கடற்கரை ஊர்களில் இதைவிட மிகுதி. குளிர்பதன ரயில் பெட்டியிலோ குறைவு. ஆகவே அடுப்பங்கரைப் பக்கமும் ஈரச் சுவரோரமும் வேண்டாம். கோடை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் பசையே இளகிவிடும். அத்தங்கையின் வீடு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம் ஆதலால், பீரோவின் மேல் வெயில் இறங்காது என்பதையும் பார்த்துக்கொண்டோம்.

வழியை அளந்தோம்

பேருந்தின் மேல்தட்டு, ஷேர் ஆட்டோவின் பின்புறம், மலையடிவாரத்துக்கு நடக்க வேண்டிய இரண்டு கிலோமீட்டர் என்று எல்லாவற்றையும் கணக்கிட்டோம். விமானத்தில் செல்வோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். நம் நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 55, 35, 25 செ.மீ.; எடை 7 கிலோ. எந்தச் சிறிய கிடாரும் முழுசாக இந்த அளவுக்குள் அடங்காது. முன்கூட்டியே நிறுவனத்தாரிடம் கேட்டு இசைவு பெறுவதே வழி. அடிக்கடி பறப்பவர்களுக்கென்று கழுத்தைக் கழற்றும் கிடார்களும் மடிக்கும் கிடார்களும் உள்ளன. அவற்றின் விலை எங்கள் அதிரசக் கணக்குக்கு எட்டவில்லை.

எந்தக் கிடாரானாலும் பயணத்தில் முறிவது பெரும்பாலும் தலையும் கழுத்தும் சேரும் இடமே. அங்கே மரம் மெலிந்திருக்கிறது. எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடைக்குச் சமமாக இழுத்துக்கொண்டும் இருக்கின்றன. ஆகவே புறப்படுமுன் தந்திகளைச் சற்றுத் தளர்த்துங்கள். உறைக்குள் தலைப்பகுதியின் அடியில் ஒரு துண்டையோ தாவணியையோ சுருட்டி வைத்து அதை அசையாமல் தாங்கச் செய்யுங்கள். பிறர் மூட்டைகளுக்கு அருகே சாய்த்து வைக்காதீர்கள். இதை நாங்கள் விலை கொடுத்துக் கற்றோம்.

எதை இழக்கிறோம்?

சிறிய கிடாரில் எல்லாம் நன்மையே என்று சொன்னால் அது பொய்யாகும். ஒரு பெரிய பானையின் வாயருகிலும் ஒரு சிறிய செம்பின் வாயருகிலும் ஊதிப் பாருங்கள். பானை கனத்து ஒலிக்கும். செம்பு மெலிந்து ஒலிக்கும். கிடார்ப் பெட்டியும் அப்படித்தான். பெரிய கிடாரின் உள்ளே அடைபட்ட காற்று நொடிக்குச் சுமார் 100 முறை அதிர விரும்புவது. தடித்த தந்தியின் சுரமோ நொடிக்கு 82 அதிர்வுகள் கொண்டது. இரண்டும் அருகருகே இருப்பதால் கீழ்ச்சுரம் கனத்து வருகிறது. பெட்டி சிறுத்தால் காற்றின் அதிர்வு மேலே போய்விடும், கீழ்ச்சுரம் மெலியும். இதை எந்தக் கைவினைஞராலும் முழுவதும் மாற்ற முடியாது. ஓரளவு ஈடுசெய்யலாம்.

எப்படி என்றால், மேற்பலகையால்தான். ஸ்பெயின் நாட்டின் அந்தோனியோ தெ தோரெஸ் இன்றைய கிடாருக்கு வடிவம் தந்த மேதை. அவர் 1862இல் ஒரு விந்தை செய்தார். முதுகையும் பக்கங்களையும் வெறும் காகித அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தால் அமைத்தார். ஒலியின் உயிர் மேற்பலகையில் இருக்கிறது என்று உலகுக்குக் காட்டவே அப்படிச் செய்தார். அந்தக் கிடார் பார்சிலோனா நகரத்து அருங்காட்சியகத்தில் உள்ளது.

சொல்லிச் செய்வித்தோம்

கடைகளில் எங்கள் அளவுக்கும் பணத்துக்கும் ஒருங்கே பொருந்தியது கிடைக்கவில்லை. ஆகவே வெளியூரில் பட்டறை வைத்திருக்கும் கிடார்க் கைவினைஞர் ஒருவரிடம் அளவைச் சொல்லிச் செய்விக்கத் துணிந்தோம். எங்களுக்கு ஓர் ஆசை இருந்தது. முதுகு ஈட்டி மரத்தில் வேண்டும் என்று கேட்டோம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அந்த மரம், உலகக் கிடார்களில் பெயர் பெற்றது. பிரேசில் மரம் கிடைப்பது அரிதானபோது மார்ட்டின் நிறுவனமே 1969இல் நம் நாட்டு ஈட்டிக்கு மாறிற்று. அவர் தொலைபேசியில் சிரித்தார். "முதுகுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள், அம்மா. மேற்பலகைக்குக் கொடுங்கள். முதுகுக்கு ஒட்டுப்பலகையே போதும். பயணத்தில் அதுதான் வெடிக்காது" என்றார். தோரெஸ் சொன்னதையே அவரும் சொன்னார்!

முடிவில் நாங்கள் எழுதிக்கொடுத்த குறிப்பு இது. தந்தி நீளம் 58.4 செ.மீ. கழுத்தின் உச்சி அகலம் 43 மி.மீ. பெட்டியின் ஆழம் 9 செ.மீ. மேற்பலகை முழு ஸ்ப்ரூஸ். முதுகு மகாகனி ஒட்டுப்பலகை. கழுத்தினுள் நேராக்கும் இரும்புக் கம்பி. கழுத்து திருகாணியால் பொருத்தப்பட்டு, பழுதானால் கழற்றக் கூடியதாக இருக்க வேண்டும். கழுத்து பதினான்காம் மெட்டில் அல்லாமல் பன்னிரண்டாம் மெட்டில் பெட்டியோடு சேர வேண்டும். அதனால் தந்தி குறையாமலே மொத்த நீளத்தில் சுமார் 3 செ.மீ. மிச்சமாகும். இரு பக்கமும் வார் மாட்டும் குமிழ்.

மூன்று மாதம் என்றவர் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டார். வந்தவுடன் மூன்று சோதனைகள் செய்தோம். நீங்களும் செய்யலாம். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி, இரைச்சல் உண்டா என்று கேளுங்கள். பன்னிரண்டாம் மெட்டின் மேல் தந்தியைத் தொட்டும் தொடாமலும் மீட்டுங்கள்; பிறகு அங்கேயே அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக இருக்க வேண்டும். மூன்றாவதாக, கழுத்தை வில்லைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணால் நீளவாக்கில் பார்த்து, கோணல் இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

கிடாரின் மொத்த நீளம் 83 செ.மீ.; உறையோடு 88. பீரோவின்மேல் மூன்று சென்டிமீட்டர் மிச்சம்.

இந்த ஆண்டு திருவருகைக் காலத்தில் அதே பேருந்தில் அதே சிற்றாலயத்துக்குச் சென்றோம். கிடார் அத்தங்கையின் மடியிலேயே வந்தது. பாடும்போது பின்வரிசையில் இருந்தவர்களுக்குக் கீழ்ச்சுரம் சரியாகக் கேட்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எங்களுள் கனத்த குரலுடைய மூவர் அந்தச் சுரத்தைத் தாங்களே மெல்லப் பிடித்து நின்றனர். 'உனக்கு வராது' என்று நாங்கள் ஒதுக்கிய இருவரும் ஆளுக்கு ஒரு பாடல் வாசித்தனர்.

விடுமுறை நாள்களில் கிடார் இப்போது பீரோவின்மேல் இருக்கிறது. மாலையில் எழுந்து வேலைக்குப் புறப்படுமுன், ஒரு பாட்டுக் கேட்டுவிட்டுத்தான் அவள் அப்பா செருப்பை மாட்டுகிறாராம்.

தோழியரே, நீங்களும் கிடார் வாங்கப் போகும் நாளில், கடையில் பளபளப்பதைப் பார்க்குமுன் கையையும் வீட்டையும் வழியையும் அளந்து பாருங்கள். எதைப் பெறுகிறோம், எதை இழக்கிறோம் என்று தெரிந்தே வாங்குங்கள். அளவு நாடா வேண்டுமானால் எங்களைக் கேளுங்கள். சிஸ்டர் இன்னும் அதைத் திரும்பக் கேட்கவில்லை.